ஆயுத மேசையில ஒரு வினாவிடைப் பலகை

முதல்லயே சொல்லிப்போடுறன், எனக்கு டெனிஷ் நல்லா வரும். புளுகிறனெண்டு நினைச்சா நினையுங்கோ. யாழ்ப்பாணம் கம்பஸில ஒண்டரை வருசம் பிஸிக்ஸ் படிச்சுப்போட்டு, பிரச்சினை கூடினவுடன டென்மார்க்கில ஹோர்சன்ஸுக்கு அக்காவிட்ட ஓடி வந்தனான். வந்து ஒரு வருசத்துக்குள்ள பாசை வாய்க்குள்ள வந்து குந்தியிட்டுது. "உன்ர வாய்க்கு டெனிஷ் என்ன, மாடு கதைக்கிற பாசையும் வரும்" எண்டு அத்தான் நக்கலடிப்பார்.

அப்பிடித்தான் நான் தொல்க் ஆனனான். தொல்க் எண்டால் ரண்டு பக்கத்துக்கும் நடுவில நிண்டு பாசை மாத்திச் சொல்லுற ஆள். டொக்டரிட்ட, கொம்யூன எண்டுற நகரசபை ஒபிஸில, பள்ளிக்கூடத்தில, எங்கட சனம் எங்க முழிச்சுக்கொண்டு நிண்டாலும் ரெலிபோன் எனக்குத்தான் வரும். இந்த வேலையில ஒரு சட்டம் இருக்கு. "அவர் சொல்லுறார், இவ கேக்கிறா" எண்டு இழுக்கக்கூடாது. ஆள் சொல்லுறதை "நான்" எண்டே தொடங்கி அப்பிடியே சொல்லவேணும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ஒருக்கா ஒரு மாமிக்கு மூலவியாதி. "எனக்கு இருக்கேலாமக் கிடக்கு டொக்டர்" எண்டு நான் சொல்ல, அந்தாள் மாமியை விட்டுப்போட்டு என்னை இரக்கமாப் பாத்தவர். அந்தக் கதையைச் சொல்லி நான் எத்தினை வீட்டில சிரிக்க வைச்சிருப்பன்.

போன வருசம், ஒக்ரோபர் மாசம். ஹோர்சன்ஸில இருந்து பஸ்ஸில முக்கால் மணித்தியாலத்தில ஒரு சின்ன ரவுண், பேர் வேண்டாம். அந்த ரவுண் பொலிஸ் பேப்பரில ஒரு அறிவித்தல் போட்டது. வீடு வழிய கிடக்கிற பழைய ஆயுதங்களை நாலு வியாழக்கிழமை பின்னேரம் கொண்டுவந்து குடுக்கலாமாம். ஆர், எங்க எடுத்தது, ஏன் வைச்சிருந்தது, ஒரு கேள்வியும் இல்லை. வழக்கும் இல்லை. பக்கத்தில ஒரு அகதி முகாம் இருந்தபடியால், அங்கயிருந்து ஆரும் வந்தால் பாசை தெரியாமல் நிக்கக்கூடாது எண்டு என்னைக் கூப்பிட்டவை.

எனக்குச் சிரிப்பு அடக்கேலாமப் போட்டுது. எங்கட ஆக்கள், தாங்களா, கையில ஆயுதத்தோட, பொலிஸ் ஸ்டேசனுக்கு! ஆமி வாறான் எண்டால் இறைச்சி வெட்டுற கத்தியையே கிணத்துக்குள்ள போடுற சனம். ஒருத்தரும் வராயினம், நான் சும்மா கதிரையில இருந்து கோப்பி குடிச்சிட்டு வருவன் எண்டுதான் போனனான்.

ஒரு நீட்டு மேசை. மேல பச்சைத் துணி. ரண்டு பொலிஸ். ஒருத்தர் பென்சனுக்குக் கிட்டின கிழவர், மூக்குக்கண்ணாடியை நூலில கட்டிக் கழுத்தில தொங்கவிட்டிருப்பார். மற்றது ஒரு இளசு, காது ரண்டும் எப்பவும் சிவத்துப் போயிருக்கும். வாற ஒவ்வொரு சாமானையும் கிழவர் கையில எடுத்து, திருப்பித் திருப்பிப் பாத்து, பெரிய கொப்பியில எழுதுவார். இளசு அதில மண்ணிற மட்டைத் துண்டொண்டைக் கட்டிவிடுவான்.

வந்த சாமானுகளைச் சொன்னா நம்பமாட்டியள். ஒரு கிழவி குழந்தைப்பிள்ளை தள்ளுற வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தா. எட்டிப் பாத்தா, தலையணிக்குக் கீழ ரண்டு துவக்கு. "மனுசன் செத்து மூண்டு வருசம். கட்டிலுக்குக் கீழ கூட்டேக்க ஒவ்வொரு நாளும் தும்புத்தடி இதில இடிக்குது, அலுத்துப்போச்சு" எண்டா. சைக்கிள் பம்மில செய்த ஒரு துவக்கு வந்தது, ஜெர்மன்காரன் இருந்த காலத்தில ஆரோ களவா அடிச்சது. உள்ளுக்கு வாள் ஒளிச்ச கைத்தடி. பண்டியை நெத்தியில வைச்சுச் சுடுற குழாய். ஒரு தோட்டக்காரர் கோட்டுப் பொக்கற்றுக்குள்ளயிருந்து கைக்குண்டொண்டை எடுத்து உருளைக்கிழங்கு மாதிரி மேசையில வைச்சார். நாப்பது வருசமா மாட்டு மால் கதவு அடிபடாமல் அதைத்தான் முட்டுக் குடுத்து வைச்சிருந்தவராம். கிழவர் ஒரு சத்தமும் போடேல்லை. ரண்டு கையாலயும் ஏந்தி, பிறந்த பிள்ளையைத் தூக்கிற மாதிரி வெளிமுத்தத்துக்குக் கொண்டுபோய் மண் வாளிக்குள்ள வைச்சிட்டு வந்து கையைத் துடைச்சவர்.

ஒருத்தர் பிஸ்கற் ரின் ஒண்டு கொண்டு வந்தவர். உள்ளுக்குக் கைத்துவக்கு. அதுக்குக் கீழ ஒரு பொம்பிளையின்ர படம். கிழவர் படத்தை எடுத்து நீட்ட, அந்தாள் வேண்டாமெண்டு தலையை ஆட்டிப்போட்டுப் போயிட்டார். கொப்பியில படத்துக்கு இடமில்லை. பின்னேரம் முழுக்க அந்தப் பொம்பிளை துவக்குகளுக்கு நடுவில கிடந்து சிரிச்சுக்கொண்டிருந்தா. நான் கதிரையைத் திருப்பி மற்றப் பக்கம் பாத்துக் கோப்பி குடிச்சனான்.

நாடகத்துக்குப் பாவிக்கிற பொய்த் துவக்கு ஒண்டும் வந்தது. கிழவர் அதைக் கையில பிடிச்சுப் பாத்து, "இது ஆயுதம் இல்லை, வீட்ட கொண்டு போங்கோ" எண்டு திருப்பிக் குடுத்திட்டார்.

இதெல்லாம் வீட்ட வந்து கை காலெல்லாம் ஆட்டி நடிச்சுக் காட்டுவன். அக்கா, அத்தான், கீழ் வீட்டு அண்ணை மூண்டு பேரும் கேப்பினம். கீழ் வீட்டு அண்ணைக்கு முப்பத்தஞ்சு வயசிருக்கும். மன்னார்ப் பக்கம், கத்தோலிக்க வேதக்காரர். ஊரில றேடியோ திருத்துற கடை வைச்சிருந்தவர். எங்கட கசெற் பிளேயர் இழுத்தால் அவர்தான் வந்து கழட்டுவார். அதிகம் கதைக்கமாட்டார். கண்ணுக்குக் கீழ ரண்டு கறுப்புப் பை, ஒரு நாளும் நித்திரை கொள்ளாத ஆள் மாதிரி. அக்காவும் அத்தானும் விழுந்து விழுந்து சிரிச்சவை. அவர் சிரிக்கேல்லை.

"பிள்ளை, அந்தக் கிழவர் எல்லாத்தையும் கையில எடுத்துப் பாக்கிறவரோ?"

"ஓமண்ணை. ஒவ்வொண்டா."

"பாத்து, இது ஆயுதம், இது இல்லை எண்டு சொல்லுவார்?"

"பொய்த் துவக்கைச் சொன்னவர்தானே. ஏன், உங்களிட்டயும் ஏதும் கிடக்கோ? பீரங்கி கீரங்கி?"

அத்தான் சிரிச்சார். அண்ணை ஸ்குரூ ஆணியைத் துணியில துடைச்சுத் துடைச்சுக் கொண்டிருந்தவர்.

மூண்டாவது வியாழக்கிழமை நான் பஸ்ஸுக்கு நிக்க, அவரும் வந்து நிண்டார். கக்கத்தில ஒரு தட்டையான பார்சல், சாரத்தால சுத்தி, நூலால கட்டியிருந்தது. "ஒரு சாமான் குடுக்கவேணும்" எண்டார். அவ்வளவுதான். நான் வழி முழுக்க அலட்டிக்கொண்டு போனன். அவர் அந்தப் பார்சலை மடியில வைச்சு, பஸ் குலுங்கிற நேரமெல்லாம் ரண்டு கையாலயும் அமத்திப் பிடிச்சுக்கொண்டு வந்தார்.

அண்டைக்கு ஸ்டேசனில நல்ல சனம். எங்களுக்கு முன்னால ஏழெட்டுப் பேர். அவற்ற முறை வந்தவுடன மேசையில வைச்சு, நூலை அவிட்டு, சாரத்தை விரிச்சார். ஒரு பலகை. பின்பக்கம் மேல. சிவப்பும் கறுப்புமா வயர், குறுக்கும் மறுக்குமா. நடுவில ரண்டு பற்றரி, ரேப் போட்டு ஒட்டினபடி.

இளசுதான் முதல் கண்டது. "பின்னால! எல்லாரும் பின்னால!" எண்டு கத்தினான் பாருங்கோ, வரிசையில நிண்ட அவ்வளவு சனமும் கதவால ஒரே பாய்ச்சல். என்னையும் சட்டைக் கையில பிடிச்சு ஆரோ வெளிய இழுத்தினம். இழுபடேக்கதான் நான் திரும்பிப் பாத்தன்.

அண்ணை ஓடேல்லை. மேசைக்கு முன்னால, தனிய, முழங்காலில இருந்தார். கை ரண்டையும் பிடரியில கோத்து, தலையைக் குனிஞ்சு. ஒருத்தரும் அவரை அப்பிடி இருக்கச் சொல்லேல்லை. அவர் அதைச் செய்த வேகத்தைப் பாத்தா, எத்தினையோ தரம் செய்து பழகினது தெரிஞ்சுது.

"ஏன் அந்தாள் முழங்காலில இருக்கு?" எண்டு இளசு என்னைக் கேட்டான். அவனுக்கு உண்மையா விளங்கேல்லை. "எழும்பச் சொல்லு. எழும்பச் சொல்லு." எனக்குச் சொல்லுறான், தான் கிட்டப் போறானில்லை.

போன கிழமை உண்மையான கைக்குண்டு வந்தது, ஒருத்தரும் கோப்பியைக் கூடக் கீழ வைக்கேல்லை. எனக்கு விசர் வந்திட்டுது. கதவு இடுக்கால பலகை தெரிஞ்சுது, படிச்ச பிஸிக்ஸ் சும்மா போகுமோ? ரண்டு பற்றரி, ஒரு ரோச் லைற் பல்ப், மிச்சமெல்லாம் வெறும் வயர். நான் இளசைத் தள்ளிக்கொண்டு உள்ள போனன். பலகையை முன்பக்கம் திருப்பினன். இடப்பக்கம் நாட்டுப் பேர், வலப்பக்கம் தலைநகர், ஒவ்வொண்டுக்கும் பக்கத்தில ஒரு பித்தளை ஆணி. எங்கட பள்ளிக்கூடக் கண்காட்சியில எத்தினை பாத்திருப்பம்! ஒரு வயரைப் பிரான்ஸில தொட்டன், மற்றதைப் பாரிஸில தொட்டன். பல்ப் பத்தினது.

"டும்!" எண்டன் இளசைப் பாத்து, பெரிய கெட்டிக்காரி மாதிரி. அவன் கண்ணை மூடினான். முழங்காலில இருந்த ஆளுக்கும் காது இருக்கு எண்டு அந்த நேரம் எனக்கு நினைவு வரேல்லை. இப்ப அந்த "டும்" தான் எனக்கு அடிக்கடி கேக்குது, என்ர குரலிலயே.

கிழவர் வந்து அண்ணையைத் தோளில பிடிச்சு எழுப்பிக் கதிரையில இருத்தினார். பிறகு தானும் இருந்து, கண்ணாடியைப் போட்டு, வயரைக் கையில எடுத்தார். எழுத்துத் தமிழ், நான் வாசிச்சன். இத்தாலி, ரோம். பத்திச்சு. எகிப்து, ரோக்கியோ. பத்தேல்லை. அந்தாளுக்கு நல்லாப் பிடிச்சுப்போட்டுது.

"டென்மார்க் எங்க?"

நான் கேட்டுச் சொன்னன். அண்ணை குனிஞ்சபடியே, "இல்லை. தம்பிக்கு இருவது நாட்டுக்குத்தான் இடம் காணுமா இருந்தது" எண்டார்.

"சரி, நாங்கள் சின்ன நாடுதானே" எண்டு கிழவர் சிரிச்சார். "இது ஆயுதம் இல்லை. வீட்ட கொண்டு போங்கோ."

"ஆயுதமில்லையெண்டு எழுதித் தருவாரோ எண்டு கேள், பிள்ளை."

கிழவருக்கு விளங்கேல்லை. கொப்பியைக் காட்டினார். "இதில வாங்கின சாமான்தான் எழுதலாம். வாங்காததுக்கு என்னெண்டு எழுதுறது? ஏன் அவருக்கு அது வேணும்?"

அப்பதான் அண்ணை சொன்னார். ஒரு வருசமாக் கீழ் வீட்டில இருந்தவர், எங்களுக்கு ஒண்டும் சொன்னதில்லை. நானே அண்டைக்குத்தான் முதல் தரம் கேக்கிறன். கேட்ட கையோட, சட்டப்படி, "நான், நான்" எண்டு டெனிஷில சொல்லிக்கொண்டு வாறன்.

என்ர தம்பி வாத்தியார். இருவத்தினாலு வயசு. பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு இதே மாதிரி ஒரு பலகை வேணுமெண்டு கேட்டான். பேரெல்லாம் அவன்தான் எழுதினவன், எழுத்து முத்து முத்தா இருக்கும், இது நான் எழுதினது, கோழி கிளறின மாதிரி. வயர் போட்டது நான். பற்றரி வைச்சது நான். மழை தூறினது, நனையாமல் சாரத்தால சுத்திச் சைக்கிள் கரியரில கட்டிவிட்டதும் நான். ஆமி செக்பொயின்ரில மறிச்சவங்கள். அவிட்டவங்கள். பலகையோட ஏத்திக்கொண்டு போனவங்கள். பிறகு ஆளில்லை. கேக்கப் போன இடத்தில "குண்டு கொண்டுவந்தவன்" எண்டு சொன்னாங்கள். ஊரில சனம், ஒண்டுமில்லாமலோ பிடிச்சவங்கள் எண்டு கதைச்சது. அம்மா இப்பவும் ஒவ்வொரு கடிதத்திலயும் கேக்கிறா. மகன், உண்மையைச் சொல்லு, உன்ர கடைக்கு இயக்கப் பொடியங்களும் வாறவங்கள்தானே, அந்தப் பலகைக்குள்ள வேற ஏதும் வைச்சு விட்டனியோ?

என்ர தம்பி, நான் வைச்சது, நான் கட்டினது எண்டு என்ர வாயாலதான் சொன்னன்.  எனக்குத் தம்பியே இல்லை.

இளசு சுவரோட ஒட்டிக்கொண்டு நிண்டான். காது மட்டுமில்லை, கழுத்தும் சிவத்துப் போச்சு.

"அதுதான் இஞ்ச வந்து திருப்பி அதே மாதிரிச் செய்தனான்" எண்டார் அண்ணை. "ஆயுதம் பாத்துப் பழகின ஆள் ஒருத்தர் பாக்கவேணும். அவரைக் கேள் பிள்ளை. இதைச் சாரத்தில சுத்திக் கட்டிக்கொண்டு ஒரு பொடியன் சைக்கிளில வந்தா, அவர் பிடிச்சிருப்பாரோ?"

கேட்டன்.

கிழவர் கண்ணாடியைக் கழட்டினார். கனநேரம் பலகையைப் பாத்தார். பிறகு சொன்னார். "உண்மையைச் சொல்லுறதெண்டால், நானும் பிடிச்சிருப்பன். துணியில சுத்தின பலகை, வயர், பற்றரி. எனக்குத் தெரியாத ஆள். வேற என்ன செய்யிறது? பிடிச்சு உள்ளுக்குக் கொண்டுபோயிருப்பன்."

அண்ணை என்ர வாயைப் பாத்துக்கொண்டிருந்தார். 

"இல்லை" எண்டன். "நானெண்டால் பிடிச்சிருக்கமாட்டன். இது குண்டில்லை எண்டு ஒரு பார்வையிலயே தெரியுது."

அவ்வளவுதான். மூச்சு விடுற நேரம். டொக்டரிட்டயும் ஒபிஸிலயும் எத்தினையோ கதை மாத்திச் சொன்ன வாய், ஒரு நாளும் ஒரு சொல்லுக் கூட்டினதில்லை. அண்டைக்குத் தன்பாட்டில கூட்டினது.

அண்ணை எழும்பிக் கிழவற்ற கையைப் பிடிச்சார். விடேல்லை. கிழவருக்கு ஒரு மாதிரிப் போச்சு, தான் சொன்னதுக்கு இந்தாள் ஏன் கையைப் பிடிக்குது எண்டு. என்னை ஒருக்காப் பாத்தார். நான் சாரத்தை மடிக்கிற மாதிரிக் குனிஞ்சிட்டன்.

திரும்பி வரேக்க பஸ்ஸில அண்ணை நித்திரையாப் போட்டார். கண்ணாடியில தலை டக் டக் எண்டு இடிபடுது, ஆள் எழும்பேல்லை. இறங்கிற இடத்தில நான் உலுப்பித்தான் எழுப்பினன்.

அதுக்குப் பிறகு ஆள் வேற ஆள். அக்கா சொன்னா, "என்னடி மாயம் செய்தனி? அண்ணை சோறு ரண்டாந்தரம் போட்டுச் சாப்பிடுறார்." கண்ணுக்குக் கீழ கறுப்புக் குறைஞ்சுது. பாசைப் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காப் போனார், படியில என்னைக் கண்டா "குட் மோன்" எண்டு டெனிஷில விடிய வணக்கம் சொல்லுவார். அம்மாவுக்கு அண்டிரவே கடிதம் எழுதிப் போட்டிட்டாராம், இஞ்சத்தைப் பெரிய பொலிஸ் பாத்திட்டு இது ஒண்டுமில்லை, நானெண்டால் பிடிச்சிருக்கமாட்டன் எண்டு சொன்னதெண்டு. எனக்கு என்ர கெட்டித்தனத்தில பெருமைதான். சட்டம் கிடக்கட்டும், ஒரு மனுசன் நித்திரை கொள்ளுதெல்லோ எண்டு.

டிசம்பர் தொடக்கத்தில அண்ணை கடிதத்தோட மேல வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"அம்மா எழுதியிருக்கிறா. அந்தப் பொலிசுக்காரற்ற பேர் வேணுமாம்."

"என்னத்துக்கண்ணை?"

"பூசை ஒப்புக்குடுக்க. முதல் வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பேர் குடுத்தா சுவாமி கோயில்ல எல்லாருக்கும் முன்னால வாசிப்பார். ஒண்டுமில்லாமலோ பிடிச்சவங்கள் எண்ட சனமெல்லாம் இருந்து கேக்கட்டுமாம். பேர் பிழைக்கக்கூடாது, வடிவா எழுதுவிச்சு அனுப்பு எண்டிருக்கிறா."

 "நான் ரெலிபோனில கேட்டுச் சொல்லுறன்" எண்டன். "சீ, அது மரியாதையில்லை, நேர போவம்" எண்டார். கோட்டும் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தவர்.

கிழவர் எங்களைக் கண்டவுடன பலகைக்காரர் எண்டு அடையாளம் பிடிச்சிட்டார். கோப்பி ஊத்தித் தந்தார். ஏன் பேர் எண்டு கேட்டார். நான் என்ன சொல்லுறது? "அவரின்ர அம்மா உங்களுக்காகக் கோயில்ல செபிக்கப் போறா" எண்டன்.

"எனக்கோ? நான் கோயிலுக்கே போறதில்லை. ஏன் எனக்கு?"

அண்ணை கடிதத்தை விரிச்சு என்ர கையில தந்தார். "இதை வாசிச்சுச் சொல்லு, பிள்ளை. அம்மா அவருக்கெண்டு எழுதின பந்தி." நான் வாசிச்சன். ஐயா, என்ர பிள்ளையைப் பிடிச்சிருக்கமாட்டன் எண்டு நீங்கள் சொன்னதைக் கேட்டு எனக்கு ரண்டு வருசத்துக்குப் பிறகு மூச்சு வந்தது. அதை மாத்துறதுக்கு எனக்கு மனம் வரேல்லை. கடிதம் அவற்ற கண்ணுக்கு முன்னால கிடக்கு, அம்மாவின்ர கையெழுத்தில.

கிழவர் கோப்பையைக் கீழ வைச்சார். என்னைப் பாக்கேல்லை, அண்ணையைப் பாத்து, சின்னப்பிள்ளைக்குச் சொல்லுற மாதிரி ஆறுதலா, ஒவ்வொரு சொல்லாச் சொன்னார். "நான் அப்பிடிச் சொல்லேல்லை."

டெனிஷில அதைவிட லேசான வசனம் இல்லை. பாசைப் பள்ளிக்கூடத்தில ரண்டாங் கிழமை படிப்பிக்கிறது. அண்ணைக்கு என்னைத் தேவைப்படேல்லை.

"அண்டைக்கு என்ன சொன்னவர்?" எண்டு என்னைக் கேட்டார், தமிழில.

சொன்னன். ஒரு சொல்லும் விடாமல். நானும் பிடிச்சிருப்பன். வேற என்ன செய்யிறது. பிடிச்சு உள்ளுக்குக் கொண்டுபோயிருப்பன்.

அண்ணை தலையை ஆட்டினார், ஏதோ விலை கேட்ட மாதிரி.  பிறகு தானே டெனிஷில கேட்டார், உடைஞ்ச டெனிஷ்: "எவ்வளவு நேரம்?"

"என்ன?"

"உள்ளுக்கு. எவ்வளவு நேரம்?"

கிழவருக்கு இப்ப விளங்கினது. "ஒரு மணித்தியாலம்" எண்டார். "கூடினா ரண்டு. ஆரும் தெரிஞ்ச ஆள் வந்து வயரைத் தொட்டு, பல்ப் பத்துறதைக் காட்டுமட்டும். பிறகு ஒரு கோப்பி குடுத்து அனுப்பியிருப்பன்." சொல்லிப்போட்டு ஒரு துண்டில தன்ர பேரைப் பெரிய எழுத்தில எழுதி, மேசையில அண்ணையின்ர பக்கம் தள்ளினார். "இதை அனுப்புறதோ விடுறதோ உங்கட அம்மா முடிவெடுக்கட்டும். ஆனால் சொன்னதைத்தான் சொல்லவேணும்."

  திரும்பி வாற பஸ்ஸில, பாதி வழியில அண்ணை யன்னலைப் பாத்தபடி சொன்னார்.

"அப்ப பாக்கிறதுக்குக் குண்டு மாதிரித்தான் இருந்திருக்கு."

"அண்ணை, ஒரு மணித்தியாலத்தில விட்டிருப்பன் எண்டவரெல்லே..."

"ஓம், கேட்டது. அவர் விட்டிருப்பார். நான்தான் சாரத்தில சுத்தினனான்."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான் உங்களைப் பேய்க்காட்ட நினைச்சுச் சொல்லேல்லை."

"கோவமில்லை, பிள்ளை. ஏழு கிழமை நித்திரை கொண்டனான். ஒரு கனவுமில்லாமல், குடிச்சவன் மாதிரி. தம்பி அங்க எப்பிடிக் கிடக்கிறான் எண்டு தெரியாமல், நான் இஞ்ச ஏழு கிழமை நித்திரை கொண்டிருக்கிறன்." என்னைத் திரும்பிப் பாத்தார். "அதை நான் இப்ப என்ன செய்யிறது?"

 

பேர்த் துண்டு அவற்ற சேட் பொக்கற்றுக்குள்ளதான் கிடந்தது. அனுப்பேல்லை. அம்மாவிட்டயிருந்து திருப்பியும் கடிதம் வந்தது, இன்னும் பேர் வரேல்லை, முதல் வெள்ளி ரண்டு போட்டுது எண்டு. ஜனவரியில ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்காவும் அத்தானும் கடைக்குப் போன நேரம், கதவைத் தட்டினார். உள்ள வரேல்லை. கண்ணுக்குக் கீழ பழையபடி கறுப்பு. துண்டை என்ர கையில தந்தார்.

"நான் எழுதினா அம்மா நம்பமாட்டா. நான்தான் ஏதோ ஒளிக்கிறன் எண்டு நினைப்பா. நீ சொன்ன பொய், நீயே எழுது."

"என்னெண்டு எழுதுறது அண்ணை? என்னை அவவுக்குத் தெரியாதே."

"உன்ர பேரைப் போட்டு எழுது" எண்டிட்டுப் படியால இறங்கிப் போனார்.

நான் சோதினையில மூண்டு மணித்தியாலத்துக்கு நாப்பது பக்கம் எழுதினவள். அந்த ஒரு பக்கத்துக்கு மூண்டு நாள் எடுத்தன். அம்மா, உங்கட மகன் உங்களுக்குப் பொய் எழுதேல்லை, நான் அவருக்குச் சொன்னதுதான் பொய். பொலிசுக்காரர் தானும் பிடிச்சிருப்பன் எண்டுதான் சொன்னவர். ஒரு மணித்தியாலத்தில, கூடினா ரண்டில, கோப்பி குடுத்து விட்டிருப்பன் எண்டும் சொன்னவர். அந்தப் பலகையை நான் முன்னும் பின்னும் பாத்தனான். நான் பிஸிக்ஸ் படிச்சனான். அதுக்குள்ள வயரும் பற்றரியும் பல்பும் தவிர வேற ஒண்டுக்கும் இடமில்லை. உங்கட மூத்த மகன் வேற ஒண்டும் வைக்கேல்லை. பேரை இதோட வைச்சிருக்கிறன், பூசைக்குக் குடுக்கிறதோ விடுறதோ உங்கட விருப்பம்.

வாசிச்சுப் பாத்தா, அதில மூத்த மகன் வேற ஒண்டும் வைக்கேல்லை எண்டதுகூட எனக்கு உண்மையாத் தெரியாது. நான் பாத்தது இஞ்ச செய்த பலகையை. அங்க கொண்டுபோனதை நான் காணேல்லை. அதைத் தெரிஞ்சுகொண்டுதான் முத்திரை ஒட்டினனான்.

கடிதம் போட்டு ஒன்பது கிழமையாகுது. மன்னார்ப் பக்கம் றோட்டுப் பூட்டு எண்டு சிலர் சொல்லுகினம், தபால் போகுது எண்டு சிலர் சொல்லுகினம். எங்கட கட்டிடத்தில தபால்காரன் பத்தரைக்கு வருவான், கீழயிருந்து ஒவ்வொரு கதவிலயும் ஓட்டைக்குள்ளால தள்ளிக்கொண்டு மேல ஏறுவான். முதல் அண்ணையின்ர கதவு. தகரமூடி டங் எண்டு அடிபடும். நான் மேல எங்கட கதவுக்கு உள்பக்கம் நிண்டு கேப்பன். தகரம் அடிபட்டவுடன கீழ அவர் எழும்புற சத்தமும் கேக்கும், கதிரை இழுபடும். அம்மாவின்ர பதிலெண்டால் பிறகு கடதாசி கிழிக்கிற சத்தம் கேக்கவேணும். கேக்கிறேல்லை. கொம்யூனக் கடிதம், கரண்ட் பில், கடை விளம்பரம். தபால்காரன் எங்கட கதவுக்கு வந்து, அதே விளம்பரத்தை என்ர காலடியில தள்ளிப்போட்டு மேல போவான்.